ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் புரோட்டான்களை மோதவிடும் மாபெரும் வளைய முடுக்கி எல்.எச்.சி. அதையே ஏன் மேம்படுத்துகிறார்கள்? இன்னும் பெரிதாக ஒன்று கட்டிவிட்டால் என்ன?

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி அருகிலேயே இருப்பதால் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 253 டிகிரி என்றால் எங்கள் பிள்ளைகள் அசரமாட்டார்கள். எல்.எச்.சி. காந்தங்கள் மைனஸ் 271-ல் ஓடுகின்றன என்றால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்து இதே கேள்விதான் வரும்.

பெரிதாகக் கட்டலாம்தான். புரோட்டானின் ஆற்றலைக் கூட்ட ஒன்று அதை வளைத்துச் சுற்றவிடும் காந்தம் வலுவாக வேண்டும், இல்லை வளையம் பெரிதாக வேண்டும். இப்போதைய வளையம் 27 கி.மீ. அதுவும் முந்தைய லெப் முடுக்கிக்காகத் தோண்டிய சுரங்கம். செர்ன் அடுத்து யோசிப்பது சுமார் 91 கி.மீ. அதன் ஒரு ஓரம் நாகர்கோவில் என்றால் எதிர் ஓரம் மார்த்தாண்டத்தில் இருக்கும். காசும் அதற்கேற்றபடி. டெக்சாஸில் 87 கி.மீ. வளையத்துக்கு 20 கி.மீ.க்கு மேல் சுரங்கம் தோண்டிவிட்டு, 1993-ல் அமெரிக்கா அப்படியே கைவிட்டது.

இப்போதைய மேம்பாட்டில் ஆற்றல் பெரிதாக அதிகரிக்காது, மோதல்களின் எண்ணிக்கைதான் அதிகரிக்கும். அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதோடு தொடர்புள்ள ஹிக்ஸ் துகள், மோதல்களில் அபூர்வமாகத்தான் உருவாகும். அதை நுணுக்கமாக அளக்க மோதல்கள் ஏராளமாக வேண்டும். மொத்தத்தில் எல்.எச்.சி.க்கு முதலில் திட்டமிட்டதைவிடப் பத்து மடங்கு தரவு என்பது இலக்கு. அதற்காக மோதும் இடங்களுக்குப் பக்கத்தில் புரோட்டான் கற்றையை இறுக்கிக் குவிக்கும் காந்தங்களை மாற்றுகிறார்கள். அவற்றின் கம்பிச் சுருளில் பழைய நையோபியம்-டைட்டானியத்துக்குப் பதில் நையோபியம்-டின் (வெள்ளீயம்). இது பொல்லாத பொருள். முதலில் கம்பியைச் சுருளாகச் சுற்றி, அப்புறம் 650 டிகிரி வாக்கில் பல நாள் உலையில் வேகவைத்தால்தான், கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்தியாகும். வெந்தபின் எளிதில் நொறுங்கும், வளைக்கவே முடியாது. என்னைக் கேட்டால் மொத்தத் திட்டத்திலும் கஷ்டமான வேலை இதுதான்.

இருப்பதைப் பழுது பார்ப்பதும் சின்ன வேலையில்லை. 2008 செப்டம்பரில், ஓடத் தொடங்கிய ஒன்பதாம் நாள், காந்தங்களுக்கு இடையே ஒரு மின் இணைப்பு உருகி, காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் பீறிட்டது. சரிசெய்ய ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. பிறகு 2013-ல் இயந்திரத்தை நிறுத்தி, ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் திறந்து பலப்படுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் மோதல் ஆற்றல் 8-லிருந்து 13 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டுக்குப் போனது.

“இதில் நமக்கு என்ன சார் வேலை?” என்று கேட்பவர்களுக்கு: எல்.எச்.சி. வளையத்தில் முப்பது டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய காந்தங்களைத் தாங்கி, மில்லிமீட்டரின் சிறு பங்கு அளவுக்கு நகர்த்திச் சரிசெய்யும் ஜாக்கிகள், சுமார் 7,000, இந்தியாவில் செய்து அனுப்பியவை.