ரீச்சர் பதில்கள்: சாவகச்சேரிக்குப் போன இடாப்பு

(யாழ்ப்பாணத்தில் 34 ஆண்டுகள் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

யுத்த காலத்தில் விளக்கு வெளிச்சத்திலும் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள், இப்போது எல்லா வசதியும் இருந்தும் படிப்பதில்லை என்று எங்கள் பாடசாலையில் மூத்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா ரீச்சர்?
– இளம் ஆசிரியை, கிளிநொச்சி

பாதி உண்மை தங்கச்சி. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி எல்லாம் ஒன்றில் கிடையாது, இல்லையென்றால் கிட்டப் போக முடியாத விலை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் சில கரண்டி மண்ணெண்ணெய், தகரத்தில் பிடித்த சின்னத் திரி, அதுதான் விளக்கு. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோவில்தான் றேடியோ பாடும். அந்த ஒரு போத்தலைச் சுற்றி நாலு பேர் தலையை முட்டிக்கொண்டு படித்து, வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் வந்தார்கள், பொய்யில்லை.

ஆனால் நாங்கள் கதைப்பது அவர்களைப் பற்றி மட்டும்தான். போத்தலுக்கு விட எண்ணெய் இல்லாத வீட்டுப் பிள்ளை, ஒன்பதாம் ஆண்டோடு நின்று விறகு கட்டப் போனவன், புலிகள் இயக்கத்துக்குப் போனவள், இவர்களை யார் எண்ணிப் பார்த்தார்கள்? உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் தயவுசெய்து இந்த ஒப்பீட்டைச் சொல்லாதீர்கள். அவர்களுடைய தாய் தகப்பனே அப்படிப் படிப்பு நின்றுபோனவர்களாக இருக்கலாம்.

பிள்ளைகளை அடித்திருக்கிறீர்களா?
– வாசகர், கொக்குவில்

அடித்திருக்கிறேன். 1993 என்று ஞாபகம். மூன்று நாள் வீட்டுக்கணக்கு செய்யாமல் வந்த பையனுக்கு அடிமட்டத்தால் உள்ளங்கையில் நாலு. அவன் வாய் திறக்கவில்லை. அடுத்த கிழமை சங்கக்கடையில் அவனுடைய அம்மாவைக் கண்டபோதுதான் தெரிந்தது, பொழுதுபட்டால் அந்த வீட்டில் விளக்கே இல்லை, பாடசாலை விட்டு வந்ததும் அவன் தகப்பனோடு தோட்டத்துக்குப் போய்விடுகிறான். வகுப்புக்கு முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வீட்டுக்கணக்கை இடைவேளையில் செய்ய விட்டேன், அவ்வளவுதான். பிறகு யாரையும் அடிக்கவில்லை.

95 இடப்பெயர்வில் வீட்டிலிருந்து என்ன எடுத்துக்கொண்டு போனீர்கள்?
– வாசகி, மானிப்பாய்

அன்றைக்கு ஒக்டோபர் 30. வலிகாமத்தை விட்டு எல்லாரும் உடனே வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். லட்சக்கணக்கான சனம், மழை, செம்மணியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரு றோட்டு. மாமியைச் சைக்கிள் கரியரில் இருத்தி இவர் உருட்டிக்கொண்டு வந்தார், மகளுக்கு அப்போது எட்டு வயது, என் சட்டைத் துணியை விடாமல் பிடித்தபடி நடந்தாள். நடந்தாள் என்றா சொல்வது, ஒரு அடி வைத்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும், விடிந்தபோதும் நாங்கள் கைதடி தாண்டவில்லை.

பைக்குள் அரிசி, காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அதோடு என் வகுப்பு வரவு இடாப்பு. மாதக் கணக்கு முடிக்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன், மேசையில் கிடந்தது, கை அதைத்தான் எடுத்தது. கல்யாண அல்பம் அலுமாரிக்கு மேலே இருந்துவிட்டது. 96இல் திரும்பி வந்தபோது அல்பமும் இல்லை, அலுமாரியும் இல்லை.

சாவகச்சேரியில் வகுப்பறைகள் முழுக்க இடம்பெயர்ந்த குடும்பங்கள், ஆகவே பின்நேரத்தில் மாமரத்துக்குக் கீழே வகுப்பு. முதல் நாள் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டேன். 41 பேரில் 17 பேர். சத்தம் வராத பெயருக்கு மற்றப் பிள்ளைகள் பதில் சொன்னார்கள், "கொடிகாமத்தில நிக்கினம் ரீச்சர்", "கிளாலியால போயிட்டினம் ரீச்சர்", அதாவது கடல்நீரேரி தாண்டி வன்னிக்கு. வரவு போடுகிற கட்டத்துக்குள் பென்சிலால் ஊர்ப்பெயர்களை எழுதிக்கொண்டேன். ஒரு பெயருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் திருப்பிக் கேட்கவில்லை.

உடனே சமன்பாடு தொடங்கினேன். பிள்ளைகளைப் பழையபடி இருத்த அதுதான் வழி என்று நம்பினேன். அவர்கள் வழியில் எதைக் கண்டார்கள், யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. இன்றைக்கு அந்த மரத்துக்குக் கீழே நிற்க நேர்ந்தால் முதல் கிழமை கணக்கே படிப்பிக்க மாட்டேன்.

நானும் ஆசிரியைதான். ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு வந்தால் என் மகளோடு இருக்கப் பொறுமை இல்லாமல் போகிறது. குற்றவுணர்வாக இருக்கிறது.
– வாசகி, வவுனியா

என் மகளுக்குச் சாதாரண தரச் சோதனையில் கணிதத்துக்கு வெறும் சாதாரண சித்தி, அதாவது S. கணித ரீச்சரின் மகளுக்கு இப்படியா என்று ஊரே கேட்டது, நானும் அவளைக் கேட்டேன், அது பெரிய பிழை. அவளுக்கு முப்பது வயதானபோது ஒருநாள் சொன்னாள்: "நீங்கள் வீட்டிலயும் ரீச்சர்தானே அம்மா." அதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதை ஒரு சித்தியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ விடுங்கள். நீங்கள் வேலையால் வந்ததும் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம், கொப்பியைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அவள் பக்கத்தில் இருந்தால் போதும்.

அரச ஊழியர்களுக்கு 2022இல் அறிவித்த ஐந்து வருடச் சம்பளமில்லாத விடுமுறையில் அப்போதே வெளிநாடு போக நினைத்தேன், மனம் வரவில்லை. வீட்டுக் கடன் இன்னும் தீரவில்லை. இப்போதாவது வெளிநாடு போகலாம் என்றால் என் உயர்தர வகுப்புக்கு அடுத்த வருடம் சோதனை. போவது பிழையா?
– பௌதிகவியல் ஆசிரியர், பருத்தித்துறை

பிழையில்லை தம்பி. 2022 நெருக்கடியில் யுத்த காலத்துப் பழைய கானோடு நானும் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன், ஓய்வூதியம் எத்தனை நாளுக்குக் காணும் என்று எனக்கும் தெரியும். வீட்டைப் பாருங்கள், போங்கள்.

ஒன்று மட்டும். 96இல் எங்களோடு படிப்பித்த ஒரு சேர், இரவோடு இரவாகக் கிளாலி கடந்து வன்னிக்குப் போய்விட்டார், அவருடைய நிலைமை அப்படி. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு கிழமை முழுக்க அவருடைய பாடவேளைக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு மரத்தடியில் இருந்தார்கள். நீங்கள் போகிற திகதியைப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லுங்கள், அதிபர் சொல்லட்டும் என்று விடாதீர்கள். தொடங்கிய அலகை முடியுங்கள். அப்புறம் புள்ளிப் புத்தகத்தை அடுத்து வருகிறவரிடம் கையில் கொடுத்து, எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிவிட்டுப் போங்கள்.