சேற்றுப்புண்ணுக்குப் பெர்மாங்கனேட் போடலாமா?

கேள்வி: சம்பா நடவுக்குப் போய் வந்ததில் கால் விரலிடுக்கெல்லாம் வெந்து நீர் கசிகிறது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, பொட்டாசியம் பெர்மாங்கனேட் வாங்கிக் கரைத்துக் காலை வைத்தேன். எரிச்சல் தாங்கவில்லை. தோலும் நகமும் பழுப்பாகிவிட்டன. தொடரலாமா? சர்க்கரை நோயுள்ள என் கணவருக்கும் இதே புண் இருக்கிறது. அவரும் செய்யலாமா?
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அக்கா சொன்ன மருந்து சரிதான் அம்மா, அளவுதான் தவறிவிட்டது. இப்போதைக்கு நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரில் காலைக் கழுவுங்கள். தோல் கொப்பளித்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழுப்பு நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். பெர்மாங்கனேட் தன் ஆக்சிஜனைக் கொடுத்துக் கிருமிகளைச் சிதைக்கிறது. கொடுத்த பிறகு மிஞ்சும் மாங்கனீசு டை ஆக்சைடின் கறைதான் அது. தோலில் சில நாட்களில் மறையும், நகத்தில் வளர்ந்து போகும்வரை இருக்கும். ஆனால் கிருமி எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. கரைசல் கெட்டியானால் தோலையே சுட்டுவிடும்.

தோலுக்கு ஏற்ற அளவு 1 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லிகிராம், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சிட்டிகையே இதைவிட அதிகம். அதனால் தூளை நேராக வாளியில் போடாதீர்கள். இரண்டு மூன்று துகள்களை ஒரு டம்ளர் வெந்நீரில் முழுதாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தாமரை இதழின் வெளிறிய இளஞ்சிவப்பு வந்தால் போதும். ஊதாவாகிவிட்டால் இன்னும் தண்ணீர் சேர்க்க வேண்டும். கரையாத துகள் ஒன்று காலில் ஒட்டினாலும் அந்த இடம் வெந்துவிடும். பழுப்பாகிவிட்ட கரைசலுக்கு வீரியமில்லை, கொட்டிவிடுங்கள்.

எரிச்சல் முழுதும் அடங்கிய பிறகும் நீர் கசிந்தால் மட்டும் மறுபடி தொடங்கலாம். நாளுக்கு ஒரு முறை, பத்துப் பதினைந்து நிமிடம். கசிவு நின்றதும் விட்டுவிட வேண்டும், தொடர்ந்தால் தோல் வறண்டு வெடிக்கும். அரிப்பும் செதிலும் இருந்தால் அது பூஞ்சை. அதற்குக் க்ளோட்ரிமசோல் களிம்பு போன்ற மருந்து தேவைப்படும்.

நடவுச் சேற்றில் பூட்ஸ் போட்டு வேலை செய்ய முடியாது என்பதை அறிவேன். கரையேறியதும் பம்புசெட் தண்ணீரில் கழுவி, விரலிடுக்குகளைப் பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். முடிந்தால் புண் ஆறும்வரை சேற்றில் இறங்காதீர்கள். ஆறாத புண் வழியாகத்தான் எலிக்காய்ச்சல் கிருமியும் எளிதில் நுழைகிறது. காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய், வயலில் வேலை செய்ததையும் சொல்லுங்கள்.

வீட்டில் பித்த வெடிப்புக்குக் கிளிசரின் வைத்திருப்பீர்கள். அதன் அருகே இந்தத் தூளை வைக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் தானாகவே தீப்பிடிக்கும். விழுங்கினால் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துபோகும் என்பதால் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

உங்கள் கணவர் இதைச் செய்யவே வேண்டாம். நாள்பட்ட சர்க்கரை நோயில் பாத உணர்வு மங்கியிருக்கும். உங்களுக்கு எரிந்ததால் காலை எடுத்தீர்கள், அவருக்கு எரிவது தெரியாமலே தோல் வெந்துவிடலாம். அவரை நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் பாதத்தைக் காட்டுங்கள். சிவப்பு பாதத்தில் ஏறினாலோ தொடையிடுக்கில் நெறி கட்டினாலோ ஒரு வேளைகூடத் தாமதிக்காதீர்கள்.