கொழும்பில் புதினாவும் கள்ளியும் ஒரே யன்னலில் வளர்க்கலாமா, எது சுலபம்?

கேட்டவர் புதிதாக ஒரு பிளாட்டுக்குக் குடிவந்திருக்கிறார். சமையலுக்கு ஒரு சாடி புதினா, பார்க்க அழகாக ஒரு கள்ளி, இரண்டையும் ஒரே யன்னலோரம் வைத்துச் சேர்த்தே தண்ணீர் விடலாமா என்று கேட்கிறார். கள்ளி எப்படியும் தன் பாட்டில் வளரும், புதினாதான் கஷ்டம் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்த வரியைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நானும் அதை நம்பித்தான் தம்பியின் கள்ளியை அழுகவிட்டேன்.

ஒரே யன்னல் வேண்டாம், ஒரே தண்ணீரும் வேண்டாம். கொழும்பில் உங்களுக்கு அதிகம் யோசனை வைக்கப்போவது கள்ளிதான்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், நாலாம் மாடி, பல்கனி கடல் பக்கம். 2019-இல் தம்பி கனடா போகும்போது தன் உருண்டைக் கள்ளியை என்னிடம் தந்துவிட்டுப் போனான். பள்ளிக்கூட நாளில் இருந்து அவன் வளர்த்தது. வவுனியா வீட்டு முற்றத்தில் வெயிலிலேயே நின்றது, இரண்டு தரம் பூவும் பூத்தது. "அக்கா, இதுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்ல" என்று சொல்லித்தான் தந்தான். அவன் சொன்னது வவுனியாவுக்குச் சரி. அது உலர் வலயம், ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்கும் குறைவு. கொழும்பில் 2,000 மில்லிமீற்றரைத் தாண்டும், மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் இருக்கும். இந்த வித்தியாசம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

நான் அதைப் புதினாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் ஒரே செம்பால் இரண்டுக்கும் தண்ணீர். அவன் ஆசையாக வளர்த்தது வாடிவிடக்கூடாதே என்ற பயத்தில் சில நாள் கள்ளிக்குக் கொஞ்சம் கூடவே விட்டிருக்கிறேன். மாதக்கணக்காக அது பச்சையாக, நிமிர்ந்து, நன்றாகத்தான் நின்றது. ஐப்பசி மழை தொடங்கி இரண்டு கிழமை இருக்கும், பல்கனி கூட்டுவதற்காகச் சாடியை நகர்த்தினேன், செடி அப்படியே சாய்ந்துவிட்டது. அடிப்பக்கம் மண்ணிறமாகி, விரல் வைத்தால் கனிந்த பப்பாசி போல உள்ளே போனது. தம்பியிடம் ஒரு மாதம் சொல்லவில்லை. வீடியோ அழைப்பு வந்தால் பல்கனிப் பக்கம் போகாமல் இருந்தேன். கடைசியில் சொன்னபோது "பரவாயில்லக்கா" என்றான். ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

கீழ்மாடியில் இருக்கும் ஐயா ஒருவர் வந்து பார்த்தார். மேல்பக்கத்தில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது, அதன் சதை மட்டும் சுத்தமாக இருந்தது. கத்தியைக் கழுவித் துடைத்து அதை வெட்டி எடுத்தார். உடனே நடக்கூடாது, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டவேண்டும் என்று நிழலில் பத்து நாள் வைக்கச் சொன்னார். பிறகு ஆற்று மணல், உடைத்த செங்கல், கொஞ்சம் கூட்டெரு கலந்து நட்டோம். அந்தக் குட்டிதான் இன்று என்னிடம் இருக்கும் கள்ளி.

இதில் என்ன நடக்கிறது என்றால், கள்ளியின் உடம்பே ஒரு தண்ணீர்ச் சேமிப்பு. வழக்கமான இலைகள் இல்லை, அவைதான் முள்ளாகிவிட்டன. பகலில் தன் துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்துதான் காற்றை எடுக்கும். அதனால் தண்ணீர் செலவு மிகக் குறைவு. மண் காயாமல் இருந்தால் முதலில் அழுகுவது வேர். அது வெளியே தெரியாது. தெரியும்போது பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும். புதினா அப்படி ஒளிக்காது. மெல்லிய இலை, வெயில் ஏற ஏறத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். மதியம் தலை தொங்கும், தண்ணீர் விட்டால் கொஞ்ச நேரத்தில் எழும்பி நிற்கும். என்ன வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

என் புதினா சந்தையில் வாங்கிய ஒரு கட்டில் இருந்து வந்தது. துவையலுக்கு இலையைக் கிள்ளிவிட்டு நாலு தண்டைத் தண்ணீர்க் கிளாசில் போட்டேன், ஒன்றரைக் கிழமையில் வேர் விட்டது. அதுவே இன்றுவரை வருகிறது. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் போதும், மதிய வெயில் வேண்டாம். ஆழத்தை விட அகலமான சாடி நல்லது, ஏனென்றால் அது பக்கவாட்டில் ஓடும் செடி. நுனியை அடிக்கடி கிள்ளுங்கள், இல்லாவிட்டால் தண்டு நீண்டு இலை சிறுத்துவிடும். சாடிக்குக் கீழே வைக்கும் தட்டில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். 2017-இல் நாடு முழுக்க 1 இலட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது. நுளம்புக்கு அந்தச் சின்னத் தட்டு போதும்.

கள்ளியை எங்கே வைப்பது? மழை படாத, ஆனால் வெளிச்சம் நிறைய உள்ள இடத்தில். கடல் பக்கப் பல்கனிக்கு மாலை வெயில் நன்றாக வரும், ஆனால் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றோடு மழையும் சாய்ந்து அடிக்கும். அந்த மாதங்களில் நான் அதைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே எடுத்துவிடுவேன். தண்ணீர் விடமுன் ஒரு ஈர்க்கை மண்ணுக்குள் அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள். ஈரமாக வந்தால் அன்று வேண்டாம். மழை மாதங்களில் மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தரம்கூட எனக்குத் தேவைப்படுவதில்லை. கடையில் நட்டுத் தரும் தும்புத்தூளிலேயே விட்டுவிடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மணல் கலவைக்கு மாற்றுங்கள்.

மணல் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த மூட்டையை நாலு மாடிக்கும் நானே சுமந்து ஏறினேன், லிஃப்ட் ஐந்து மாதமாக வேலை செய்யவில்லை. பராமரிப்புக் காசு மட்டும் மாதம் தவறாமல் வாங்குகிறார்கள். இரண்டாம் மாடியில் முழங்கால் வலியோடு ஒரு அம்மா, கோயிலுக்குப் போகவே கீழே இறங்குவதில்லை. கூட்டத்தில் இதைக் கேட்டால், படிக்கட்டில் பூச்சாடி வைப்பவர்களைப் பற்றித்தான் பேச்சு வருகிறது. என் சாடிகள் எல்லாம் என் கதவுக்கு உள்ளேதான் இருக்கின்றன. சரி, இதை இத்தோடு விடுகிறேன்.

நான் தாவரவியல் படித்தவள் இல்லை. மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ நாகதாளி பற்றையாக வளர்வதைப் பார்த்தவர்கள் நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கலாம். அங்கே வெயிலும் மண்ணும் வேறு, நான் எழுதுவது கொழும்புச் சாடிக் கள்ளிக்கு. சதுரக்கள்ளி இங்கேயும் நன்றாக வளர்கிறதே என்று கேட்பீர்கள். அது வெட்டினால் பால் வடியும் வேறு குடும்பம், பெயரில் மட்டும்தான் கள்ளி. கள்ளிக் குடும்பத்திலேயே மரத்தில் தொங்கி ஈரத்தில் வளரும் ஒரு இனம் நம் நாட்டுக் காடுகளில் உண்டு, அதற்கும் நான் சொன்னது பொருந்தாது.

ஒரே ஒரு விஷயத்தில் கள்ளி சுலபம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சித்திரை விடுமுறைக்கு நாங்கள் பத்து நாள் ஊருக்குப் போவோம். புதினாச் சாடியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்து, காலையும் மாலையும் பார்க்கச் சொல்வேன். கள்ளி வீட்டுக்குள்ளேயே இருக்கும். திறப்பைக் கொடுக்கும்போது மட்டும் மறக்காமல் சொல்வேன்: "அதுக்குத் தண்ணி விட்டுடாதீங்கோ அக்கா."