கமோடோர் 64-ஐ இணைய ஏலத்தில் வாங்கலாமா? பிறகு விற்றால் போட்ட காசு வருமா?

தாராளமாக வாங்கலாம், ஆனால் அவசரம் வேண்டாம். 1982-இல் வந்த இந்தக் கணினி ஒரு கோடிக்கு மேல் விற்றது. இந்த ஏலம் கைநழுவினால் இன்னொன்று வரும். 2014-இல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் ஓர் ஆப்பிள்-1 கணினியை 9,05,000 டாலருக்கு எடுத்ததைப் படித்துவிட்டு, எல்லாப் பழைய பெட்டிக்கும் யானை விலை சொல்கிறார்கள். ஆப்பிள்-1 செய்யப்பட்டதே சுமார் 200தான்! ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், உண்மையான விலை தெரிந்துவிடும்.

நான் முதலில் தேடுவது திரையின் படம். நீலத் திரையில் '38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ' என்று இருந்தால் பாதி நிம்மதி. கிளம்பும்போது நினைவகத்தைச் சோதித்துவிட்டுத்தான் அந்த எண்ணைக் காட்டும். குறைவாக வந்தால் ராமில் கோளாறு இருக்கலாம். சிவப்பு விளக்கு எரிவதை மட்டும் படம் போட்டு, 'டிவி இல்லாததால் சோதிக்கவில்லை' என்று எழுதியிருந்தால் ஓடாத பெட்டிக்கான விலைக்கு மேல் போகாதீர்கள்.

கூட வரும் பழைய அடாப்டரைச் செருகவே செருகாதீர்கள். பிசின் ஊற்றி அடைத்த கனமான கட்டி அது. உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் கூடுதலாக ஏறி ராம் சில்லுகளைக் காலி செய்துவிடும். இதற்கென்றே புதிதாகச் செய்து விற்கிறார்கள், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். அப்புறம் சிட் ஒலிச் சில்லு. தனியாகவே நல்ல விலை போவதால் அதைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை ஏலத்தில் விடுபவர்களும் உண்டு. அடியில் மூன்றே திருகுதான். திறந்து, 6581 அல்லது 8580 என்ற எண் தெரியும்படி படம் கேளுங்கள். தட்டிக்கழித்தால் விட்டுவிடுங்கள்.

இந்தியாவுக்கு என்றால் ஐரோப்பியப் பெட்டிதான் வசதி. அமெரிக்கப் பெட்டியின் படம் அந்த ஊர் டிவிக்கான என்.டி.எஸ்.சி. முறை, அடாப்டரும் 120 வோல்ட்டுக்கானது. கூரியர் செலவும் சுங்க வரியும் சில சமயம் பெட்டி விலையையே தாண்டும்.

உங்கள் உச்ச விலையை முடிவு செய்து, கடைசிச் சில நொடிகளில் ஒரே தடவை போடுங்கள். முன்கூட்டியே போட்டால் போட்டிக்கு ஆள் சேர்ப்பதுதான் மிச்சம்.

விற்கும்போது, நன்றாக ஓடும் பெட்டிக்குப் போட்ட காசு பெரும்பாலும் வந்துவிடும், கூரியர் செலவு போனதுதான். அனுப்புவதற்கு முன் சீரியல் எண்ணைப் படமெடுங்கள். வாங்கியவர் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புவது வேறு பெட்டியாக இருக்கலாம். பழைய படக்குழாய் மானிட்டரைக் கூரியரில் அனுப்ப ஒத்துக்கொள்ளாதீர்கள், நேரில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.