பூங்காவின் எல்லையை நகர்த்தச் சட்டம் எதற்கு?

கேள்வி: அட்லாண்டாவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கு ஓடும் சாட்டஹூச்சி ஆற்றையொட்டிய தேசியப் பொழுதுபோக்குப் பகுதியை 1999-இல் சட்டம் இயற்றி விரிவாக்கியதாகப் படித்தேன். ஒரு பூங்காவைப் பெரிதாக்க நாடாளுமன்றம் வரை போக வேண்டுமா? கரையோரம் வீடு வைத்திருப்பவர்களின் நிலம் பறிபோய்விடாதா?

பதில்: போகத்தான் வேண்டும். ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்த 1978-இல், ப்யூஃபோர்ட் அணைக்குக் கீழே 48 மைல் நீளத்துக்கு (சுமார் 77 கிலோமீட்டர்) இப்பகுதியை உருவாக்கிய சட்டமே, அரசு எத்தனை ஏக்கர் வரை வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பையும் விதித்திருந்தது. அந்த வரம்பைத் தாண்டும் அதிகாரம் பூங்காவை நிர்வகிக்கும் தேசியப் பூங்காத் துறைக்குக் கிடையாது. எனவேதான் 1999 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, 6,800 ஏக்கராக இருந்த வரம்பை 10,000 ஏக்கராக உயர்த்தியது.

அன்றைய அவசரத்தை வரைபடத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். இது ஒரே பரப்பாக அமைந்த காடு அன்று. ஐலண்ட் ஃபோர்ட், காக்ரன் ஷோல்ஸ் என்று ஆற்றோரம் விட்டுவிட்டு அமைந்த துண்டுகள். இடைவெளிகளில் தனியார் வீடுகளும் மனைகளும் இருக்கின்றன. மாநகரம் வடக்கே வளர வளர, அந்த இடைவெளிகளில் கட்டடம் எழும்பும் வேகமும் நிலத்தின் விலையும் ஒருசேர ஏறின. பெருநகர அட்லாண்டாவின் குடிநீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்தே எடுக்கப்படுவதால், கரையில் மரம் நின்று மழைநீரின் வண்டலைத் தடுப்பது படகுவிடுவோருக்கு மட்டுமான சௌகரியம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் வரம்பு உயர்ந்த மறுநாளே 10,000 ஏக்கரும் பூங்காவாகிவிடவில்லை. செலவிட அனுமதிக்கும் சட்டம் வேறு; பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவது வேறு. பணம் வந்தாலும், விற்க முன்வருபவரிடம் விலைக்கு வாங்குவது, கொடையாகப் பெறுவது, மாற்று நிலம் தருவது என்று மெல்லத்தான் நிலம் சேரும். எல்லைக்கோட்டுக்குள் வந்துவிட்ட காரணத்தால் மட்டும் ஒருவருடைய வீடு அரசுக்குச் சொந்தமாகிவிடாது. என்னைக் கேட்டால், இத்தகைய சட்டங்களில் ஏக்கர் கணக்கைவிட, அடுத்தடுத்த ஆண்டுகளில் எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: இந்தச் சட்டம் கரையைப் பற்றியது, ஆற்றில் எப்போது எவ்வளவு தண்ணீர் விடுவது என்பது அணையை இயக்கும் ராணுவப் பொறியாளர் படையின் கையில் இருக்கிறது. அணைக்குப் பின்னால் தேங்கியிருக்கும் லேனியர் ஏரியின் அடியாழத்திலிருந்து வரும் நீர் என்பதால், அணையருகே கோடையிலும் அது 10 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். காலை வைத்தால் எலும்பு வரை குளிரும், ட்ரௌட் மீன் வாழ்வதும் அதனால்தான். மகளோடு அந்தப் பக்கம் போனால், அணையின் எச்சரிக்கைச் சங்கு ஒலித்தவுடன் கரையேறிவிடுங்கள். சில நிமிடங்களிலேயே நீர்மட்டம் ஏறிவிடும்.