பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு இரண்டாயிரம் ரூபா கரண்ட் பில்லா?

கேள்வி: சுவிஸில் பதினாறு வருடமாக இருக்கிறேன். வீடு மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில். போன வருடம் அம்மா கல்முனையில் இருக்கிற தங்கச்சியோடு போய்விட்டதால் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. மச்சான் கிழமைக்கு ஒரு தடவை வந்து வளவுக்குத் தண்ணீர் விடுவார். மாதம் நானூறு, ஐந்நூறு என்று வந்த கரண்ட் பில் திடீரென்று இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. கட்டாவிட்டால் வெட்டுவோம் என்று சிவப்பு அறிவித்தலும் வந்திருக்கிறது. கணக்கு இன்னமும் காலமான அப்பாவின் பெயரில். இங்கிருந்து எப்படிக் கட்டுவது? பேசாமல் லைனையே வெட்டச் சொல்லலாமா?

பதில்: வெட்டச் சொல்ல வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் சிவப்பு அறிவித்தலில் உள்ள தொகையைக் கட்டிவிடுங்கள். கணக்கில் பிழை இருக்கலாம், ஆனால் லைன் வெட்டுப்பட்ட பிறகு சண்டை பிடித்தால் லைனைத் திரும்பக் கொடுப்பதற்கான கட்டணமும் உங்கள் தலையில்தான். கூடுதலாகக் கட்டிய காசு கணக்கிலேயே வரவாக நிற்கும், எங்கும் போகாது.

இனி விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து காசு கட்டுவது இன்றைக்குப் பெரிய வேலையே இல்லை. மீற்றரைப் பார்க்க ஆள் இல்லாததுதான் உங்கள் பிரச்சினை.

நானூறு, ஐந்நூறு ரூபா என்றால் 2025 கட்டணங்களின்படி ஏறக்குறைய 50 யூனிட். ஆள் இல்லாத வீட்டில் 50 யூனிட் எங்கே போனது? அம்மா போகும்போது பிரிட்ஜை நிறுத்தினாரா என்று கேளுங்கள். வெறும் பிரிட்ஜே நாளுக்கு ஒரு யூனிட் இழுக்கும், மாதம் 30. கெமராவும் இன்டர்நெட் பெட்டியும் இருந்தால், இரண்டும் சேர்ந்து 20 வாட் என்றாலும் இரவு பகலாக ஓடினால் 14, 15. கேற்றடி லைட் 10 வாட், பன்னிரண்டு மணித்தியாலம், அது ஒரு நாலு. கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். எல்லாம் நீங்கள் கண்ணால் காணாத செலவு.

அடுத்தது படிக்கட்டுக் கட்டணம். வீட்டுப் பாவனையில் 60 யூனிட்தான் பெரிய வாசற்படி. அதற்கு உள்ளே இருந்தால் முதல் 30 யூனிட்டுக்கு மலிவு விலை, அடுத்த 30க்கு இன்னொரு விலை. 61 ஆனவுடன் அந்த மலிவு விலைகள் முழுவதும் கழன்றுவிடும். முதலாவது யூனிட்டிலிருந்தே கூடிய விலை, நிலையான கட்டணமும் கூடும். 2025 கட்டணங்களில் 60 யூனிட் பில்லுக்கும் 61 யூனிட் பில்லுக்கும் இடையில் தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதே கட்டணங்களில் 90ஐத் தாண்டினால் நிலையான கட்டணம் மட்டுமே ஆயிரம் ரூபா. ஆக, உங்கள் பில் நாலு மடங்கானதற்கு கரண்ட் நாலு மடங்கு ஓடியிருக்கத் தேவையில்லை. 45 யூனிட் கூடினாலே போதும்.

அந்த 45 எங்கிருந்து வந்திருக்கும்? என்னுடைய சந்தேகம் தண்ணீர் மோட்டர் மேல். ஒரு குதிரைவலு மோட்டர் முக்கால் கிலோவாட். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வீணாக ஓடினால் மாதம் 45 யூனிட், கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஆரையம்பதியில் கனடாக்காரச் சொந்தம் ஒருவரின் வீட்டைப் பார்க்கப் போனேன். பகலில் எல்லாம் சரி. பொழுதுபட்டு விறாந்தையில் இருக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம், மோட்டர் அரை நிமிடம் உறுமி நின்றது. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப ‘டக்’. பைப்பைத் திறந்தவுடன் தானாக ஓடும் வகை மோட்டர். பின்னால் குளியலறைத் தொட்டியில் வாசர் தேய்ந்து நூல் போலத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சில்லறைக் காசு வாசர், மாதக்கணக்கில் பில்.

மச்சானிடம் ஒரு சின்னச் சோதனை செய்யச் சொல்லுங்கள். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மீற்றரைப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் மீற்றர் என்றால் முகத்தில் ஒரு குட்டிச் சிவப்பு வெளிச்சம் மின்னும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். பழையது என்றால் தட்டு சுற்றும். மெயின் நின்ற பிறகும் மின்னினால் அல்லது சுற்றினால், மீற்றருக்கும் மெயினுக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அப்போது யாரும் கை வைக்க வேண்டாம், மீற்றரில் உள்ள முத்திரையைத் தொடவே கூடாது, 1987 என்ற மின்சார முறைப்பாட்டு எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். மின்னலோ சுற்றோ நின்றுவிட்டால், எல்லாப் பிரேக்கரையும் நிறுத்தி மெயினைப் போட்டு, ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டுப் பார்த்தால் களவாளி பிடிபடும். கடலோர வீடுகளில் உப்புக் காற்றும் மாரி மழையும் வெளிவயரைத் தின்றிருக்கும், கிணற்றடி வயரைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் நடந்திருக்கலாம். மீற்றர் கேற்றுக்கு உள்ளே இருக்கிறதா? வாசிக்க வந்தவர் பூட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தால், சில மாதம் சராசரி போட்டுவிட்டு, பிறகு வாசித்த அன்று மிச்சம் முழுவதும் ஒரே பில்லில் விழும். பில்லில் முந்திய வாசிப்பு, இப்போதைய வாசிப்பு, நாட்களின் எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். 60, 90 என்ற யூனிட் படிகள் நாட்களுக்கு ஏற்றபடி விரிய வேண்டும். மூன்று மாத யூனிட்டை ஒரு மாதக் கணக்கில் போட்டுத் தாக்கியிருந்தால், வாசிப்புப் படங்களோடு உங்கள் பகுதி மின்சாரக் கந்தோரில் எழுத்தில் கொடுத்துத் திருத்தக் கேளுங்கள். அங்கே தீராவிட்டால் மின்சாரத் துறையைக் கண்காணிக்கிற இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். இதற்குத்தான் மாதா மாதம் ஒரே திகதியில் மீற்றரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது. மச்சானைக் கணக்குக் கேட்கிற மாதிரி இருக்குமே என்று கூச்சப்பட வேண்டாம். படம் இருந்தால் அவருக்கும்தான் நிம்மதி. வசதி இருந்தால் மீற்றரை வெளிமதிலுக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

கட்டுவது சுலபம். மின்சார நிறுவனத்தின் இணையத்தளத்திலோ செயலியிலோ பத்து இலக்கக் கணக்கு எண்ணைப் போட்டு கார்டால் கட்டலாம், இலங்கை வங்கிக் கணக்கு இருந்தால் வங்கிச் செயலியிலும் கட்டலாம். இணையத்தில் தேடும்போது லெக்கோ என்று ஒரு நிறுவனம் வரும். அதற்கும் மட்டக்களப்புக்கும் சம்பந்தமில்லை. தடுக்கி விழுகிற இடம் வேறு: வங்கியின் ஓடிபி நீங்கள் பதிந்துவைத்த இலங்கை சிம்முக்குத்தான் வரும். காசு போடாமல் விட்ட சிம் செத்துப்போனால் எல்லாம் நின்றுவிடும். மாதம் ஒரு சின்ன ரீலோட் போட்டு அதை உயிரோடு வையுங்கள். பில் எஸ்எம்எஸ்ஸில் வருகிறதென்றால் எந்த நம்பர் பதிந்திருக்கிறது என்பதையும் பாருங்கள், அப்பாவின் பழைய நம்பராக இருக்கப்போகிறது. ஆறு மாதத்துக்கு முற்பணம் கட்டிவைக்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் பெரிய விருப்பமில்லை. வரவு மிச்சம் இருக்கும் வரை வாசர் தேய்ந்தது யாருக்கும் தெரியாது.

லைனை வெட்டும் யோசனையை ஏன் வேண்டாம் என்றேன்? 30 யூனிட்டுக்கு உள்ளே நிற்கும் வீட்டுக்கு 2025இல் நிலையான கட்டணம் மாதம் நூறு ரூபாவைக்கூடத் தொடவில்லை. கணக்கை மூடிவிட்டு நாளைக்குப் புதிதாக எடுக்கப் போனால் மதிப்பீடு, வயரிங் பரிசோதனை, வைப்புப் பணம் என்று அலைச்சல். பழைய வயரிங் தேறாது. பிரிட்ஜைக் காலி செய்து துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து நிறுத்துங்கள். மோட்டர் பிரேக்கர் மச்சான் வரும் நாளில் மட்டும் போடப்படட்டும். 20 யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

அப்பாவின் பெயரில் இருப்பதால் பில் கட்டத் தடையில்லை. ஆனால் மீற்றர் இடம் மாற்ற, சோலர் பூட்ட, வாடகைக்குக் கொடுக்க என்று எதற்குப் போனாலும் அந்தப் பெயர் குறுக்கே நிற்கும். காணி உறுதிப் பிரதி, மரணச் சான்றிதழ், அடையாள அட்டை, நிலுவை இல்லாத பில் ஆகியவற்றை எடுத்துவைத்துக்கொண்டு கந்தோரில் விண்ணப்பப் படிவம் கேளுங்கள். நீங்கள் வர முடியாவிட்டால் தங்கச்சிக்கு அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம், கொடுக்கலாம், ஜெனீவாவில் உள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் கையெழுத்தை உறுதிப்படுத்தலாம். உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் முதலில் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் அப்பாவின் பெயரில் என்றால் முதல் வேலை கரண்ட் கந்தோரில் இல்லை, நொத்தாரிசிடம்.