ஜெர்மனியின் ஆகன் நகரில் முதுகலை படிக்கச் சென்ற முதல் வாரங்கள் எப்படி இருந்தன?

ஜெர்மனிக்கு முதுகலை படிக்கச் செல்லும் ஒருவர் முதல் சில வாரங்களில் எதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2024 அக்டோபரில் திருச்சியிலிருந்து ஆகன் நகருக்கு, அங்குள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதுகலை படிக்கச் சென்றேன். புறப்படும் முன் குளிரைப் பற்றியும் மொழியைப் பற்றியும் பலர் எச்சரித்தார்கள். அவை இரண்டையும்விட, முறையாகப் பதிவு செய்யக்கூடிய ஒரு முகவரி கையில் இருக்கிறதா என்பதே அந்த வாரங்களின் நிம்மதியைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அன்மெல்டுங் எனப்படும் இந்தப் பதிவுக்குப் பாஸ்போர்ட்டுடன், அறையை வாடகைக்குக் கொடுத்தவர் கையொப்பமிட்ட சான்றும் வேண்டும். பதிவுச் சீட்டைக் காட்டாமல் பல வங்கிகள் கணக்குத் திறப்பதில்லை. கணக்கு இல்லையென்றால், விசாவுக்காக நாம் முன்னதாகவே செலுத்திய பிளாக்டு அக்கவுண்ட் (நினைத்தபோது எடுக்க முடியாதபடி முடக்கிவைக்கப்பட்ட கணக்கு) பணம் கைக்கு வருவதில்லை. 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை ஓராண்டுக்கு 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் விடுவிக்கப்படும். பகுதி நேர வேலைக்குத் தேவைப்படும் வரி எண் பதிவுக்குப் பிறகே தபாலில் வரும். குடியிருப்பு அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதும் அதே சீட்டைத்தான் கேட்பார்கள்.

என்னோடு வந்த ஒரு நண்பருக்குக் கிடைத்த தற்காலிக அறையின் உரிமையாளர் அந்தச் சான்றில் கையொப்பமிட மறுத்துவிட்டார். ஊரில் கல்விக் கடன் வாங்கிச் செலுத்திய பத்து லட்சம் ரூபாய்க்கும் மேலான பணம் தன் பெயரிலேயே இருந்தும், மளிகைச் செலவுக்கு அவர் எங்களிடம் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது. நன்றாகப் படிக்கக்கூடிய ஒருவர், தொடக்க வாரங்களின் வகுப்புகளை விட்டுவிட்டு அறை தேடி அலைந்ததைப் பார்க்க எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. எனவே சேர்க்கைக் கடிதம் வந்த நாளிலேயே மாணவர் விடுதிகளுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமானது. தனியார் அறையாக இருந்தால், பதிவுக்கான சான்றைத் தருவீர்களா என்பதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள். அறையை நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ நேரில் பார்க்கும் முன் முன்பணம் அனுப்பாதீர்கள். முன்பணமும் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது.

அறை கிடைத்தவுடன் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வங்கி அட்டை, அதன் ரகசிய எண், வரி எண், காப்பீட்டுக் கடிதம் அனைத்தும் தனித்தனித் தபால்களாக வருபவை. அறை எண்ணை நம்பித் தபால்காரர் கொடுப்பதில்லை. பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

உணவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பருப்பும் அரிசியும் ஆசியக் கடைகளில் கிடைக்கும். மதிய உணவுக்கு மென்சா எனப்படும் பல்கலைக்கழக உணவகம் இருக்கிறது, சைவமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கி வைப்பது வழக்கம். மறந்துவிட்டால் எல்லையைத் தாண்டி நெதர்லாந்தின் வால்ஸ் ஊருக்குப் பேருந்தில் போய் வாங்கி வரலாம். ஆகன் மக்களும் அப்படிச் செய்கிறார்கள்.

தனிமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைக்கிறார்கள். அதுவரை மூன்றரை மணி நேரமாக இருந்த இந்திய நேர வேறுபாடு அன்றிலிருந்து நாலரை மணி ஆகிறது. மாலை ஆறரைக்கு வகுப்பு முடிந்து வீட்டுக்குப் பேசலாம் என்றால் ஊரில் இரவு பதினொன்று. அம்மா தூக்கத்தை அடக்கிக்கொண்டு காத்திருப்பார். அதனால் நாங்கள் பேசும் நேரத்தை என் காலை உணவு நேரத்துக்கு மாற்றிக்கொண்டோம், இருவருக்கும் அது நன்மையாக இருந்தது. டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும் என்பதால், பகலில் கொஞ்ச நேரமாவது வெளியே நடந்துவிட வேண்டும். மனம் மிகவும் சோர்ந்த ஒரு சனிக்கிழமை, இலங்கைத் தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு கண்ட ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோவிலுக்குப் போனேன். ஆகனிலிருந்து ஹம் வரை ஆர்.இ. 1 ரயில் நேராகவே செல்கிறது. மாணவர் பயணச்சீட்டு அதற்குச் செல்லும் என்பதால் தனிச் செலவும் இல்லை. அங்கே முன்பின் தெரியாத ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, "எங்க தம்பி படிக்கிறீங்கள்? சாப்பிட்டுத்தான் போக வேணும்" என்று உட்கார வைத்தார். அந்த அன்பை நான் மறக்க மாட்டேன்.

இனி வகுப்புகள். விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டாமல் மேசையைத் தட்டிப் பாராட்டும் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப் பதிவு கிடையாது. நம் கல்லூரிகளைப் போல மாதாந்திரத் தேர்வும் இல்லை. பெரும்பாலான பாடங்களில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும் ஒரே தேர்வுதான் மதிப்பெண்ணைத் தருகிறது. இந்தச் சுதந்திரத்தில் முதல் மாதம் நழுவிப் போவது எளிது. ஒரு தேர்வை எழுத மூன்று வாய்ப்புகள்தான் உண்டு. மூன்றிலும் தவறினால் அந்தப் பட்டப்படிப்பையே தொடர முடியாது. ஆகவே பயிற்சி வகுப்புகளை முதல் வாரத்திலிருந்தே தவற விடாதீர்கள். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு என்பதால், தேர்வுப் பதிவின் கடைசி நாளை ஒவ்வொரு பாடத்துக்கும் இணையதளத்தில் பார்த்து, அக்டோபரிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.